சுவரை அழகாக்குவோம், விரிசலை மறைக்க வேண்டாம்

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில் வழமையான விடயங்களைப் பேசி முடித்திருந்தோம். நாட்சம்பளம், கொழுந்துத் தராசு, பிள்ளை மடுவம், மலசலகூடம் என்று எல்லாம் வந்து போயின. எழுந்திருக்கும் நேரத்தில் பின்வரிசைச் சகோதரி ஒருவர் கேட்டார்:

"தலைவரே, எல்லாத்தையும் பேசுறீங்க. எங்க காம்பரா செவுத்தப் பத்தி ஒரு நாளாச்சும் பேசியிருக்கீங்களா? மகளோட கூட்டாளிப் பிள்ளைங்க வந்தா, அவ வாசல்லயே நிப்பாட்டிப் பேசி அனுப்பிடுறா. உள்ளுக்குக் கூட்டிக்கிட்டு வர வெக்கமாம்."

சிலர் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. அங்கிருந்த பலரின் வீட்டிலும் அதே மகள் இருக்கிறாள்.

வீட்டுச் சுவர் தொழிற்சங்கம் பேச வேண்டிய விடயமா என்று சில தோழர்கள் கேட்கலாம். பேச வேண்டிய விடயம்தான் என்பது நமது கருத்து. எட்டு மணி நேரம் மலையில் நின்றுவிட்டுத் திரும்பும் மனிதருக்கு மிச்சமிருக்கும் உலகம் அந்த நான்கு சுவர்கள்தான். பிள்ளை படிப்பதும், நோயாளி படுப்பதும், பெண் பார்க்க வருவதும், செத்தவரைக் கிடத்துவதும் அதற்குள்தான்.

இதில் இரண்டு எதிர்ப்புகளை அடிக்கடி கேட்கிறோம். ஒன்று, "லயம் நமது சொத்தா? தோட்டத்துச் சுவருக்கு நாம் ஏன் செலவழிக்க வேண்டும்?" மற்றது, "லயத்தை அழகாக்கினால், இவர்கள் வசதியாகத்தான் இருக்கிறார்கள், தனி வீடு எதற்கு என்று நிர்வாகம் சொல்லும்."

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், இருநூறு வருடங்களாகத் தனி வீடு வரும் வரும் என்று காத்திருந்த நமது பாட்டன் பாட்டிமார் அந்தப் புகைச் சுவருக்குள்ளேயே வாழ்ந்து முடித்துவிட்டார்கள். உரிமை கிடைக்கும் நாள் வரை பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டே வளர வேண்டும் என்று எந்தச் சங்கமும் சொல்ல முடியாது. வெள்ளையடித்த சுவரைக் காட்டி நிர்வாகம் தன் கடமையிலிருந்து நழுவவும் விட முடியாது. அதை எப்படித் தடுப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

சுவரில் யார் இருக்கிறார்கள்?

நமது லயச் சுவர் ஒருகாலும் வெறுமையாக இருந்ததில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அடுப்பும் படுக்கையும் ஒன்றாக இருந்த காலத்திலும் நமது ஆட்கள் சுவரில் ஏதாவது ஒட்டித்தான் வைத்தார்கள். கஞ்சிப் பசை காய்ச்சிப் பழைய பத்திரிகையை ஒட்டினார்கள். அதைப் பார்த்தே எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாக இருக்கிறார்கள். தேயிலைப் பெட்டிப் பலகை கிடைத்தால் தட்டியும் தட்டும் ஆயிற்று.

பிறகு நாட்காட்டிப் படங்கள் வந்தன. வருடப் பிறப்புக்குப் பதுளை, பண்டாரவளைக் கடைகளில் கொடுக்கும் நாட்காட்டியின் திகதிகள் முடிந்ததும், கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டுப் படத்தை மாட்டுவது நமது வழக்கம். இந்தப் படங்களுக்குப் பின்னாலும் உழைப்பாளிகள் இருக்கிறார்கள். நாடகக் கொட்டகைகளுக்குத் திரைச்சீலை எழுதிய கொண்டைய ராஜு என்ற ஓவியர் கோவில்பட்டியில் தங்கி, தன் சீடர்களோடு சாமி படங்கள் வரைந்தார். அவை சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சாகி, கோயிலுக்குள் நுழைய முடியாதவர்களின் குடிசைகளுக்கும் சாமியைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. நமது சுவர்களில் இருக்கும் கதிர்காமக் கந்தனும் மாரியம்மனும் அந்தப் பாணியில் வந்த படங்கள்தான்.

சாமிக்குப் பக்கத்தில் தலைவர்கள். 1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்தபோது பதுளைக்கும் வந்து பேசினார். 1939இல் நேரு வந்தார், இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அவர்கள் படங்களும் நமது காம்பராக்களில் ஏறின. பிறகு எம்.ஜி.ஆர்., சிவாஜி, சங்கத் தலைவர்கள். இதில் எதையும் நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். அந்தச் சுவரில் நாம் எங்கே?

1890இல் தோமஸ் லிப்டன் இலங்கையில் தோட்டங்கள் வாங்கினார். ஹப்புத்தளைக்கு மேலே உள்ள தம்பேதன்னையும் அதில் ஒன்று. அன்றிலிருந்து கூடை சுமந்த கொழுந்துப் பெண்ணின் படம் தேயிலைத் தகரங்களிலும், விளம்பரங்களிலும், சுற்றுலாச் சுவரொட்டிகளிலும் உலகமெல்லாம் போய்விட்டது. எல்ல, தெமோதரைப் பக்கம் வரும் வெளிநாட்டவர்கள் இன்றும் நமது அக்கா தங்கைகளைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் நமது அம்மாவின் முகம் இருக்கலாம். அம்மாவின் சொந்த வீட்டில் அவருடைய படம் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது.

1940இல் பதுளை வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் குழு அமைத்து நிர்வாகத்தை எதிர்த்து நின்றவர்களின் முகம் எத்தனை பேரன்மாருக்குத் தெரியும்? முப்பது வருடம் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற அப்பாயி உயிரோடு இருக்கும்போதே, கையில் கூடையோடும் முகத்தில் சிரிப்போடும் ஒரு படம் எடுங்கள். இப்போது ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் கேமரா உள்ள போன் ஒன்று இருக்கிறது. அதைப் பதுளை ஸ்டூடியோ ஒன்றில் அச்சடித்து மாட்டுங்கள். செத்த பிறகு மாலை போடுவதற்காக மட்டும் படம் தேடும் பழக்கத்தை விடுவோம்.

கடன் இல்லாமல் செய்யும் வழி

2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. 2024இல் 1,350 ரூபா ஆனது. இடையில் 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் சாமான் விலைகள் ஏறிய வேகத்தை நாம் அறிவோம். ஆகவே வீட்டை அழகாக்க நுண்கடன் எடுக்க வேண்டாம், தவணைக்குச் சாமான் வாங்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தீபாவளி முற்பணமும் மாதா மாதம் நமது சம்பளத்தில் கழிபடும் கடன்தான். அரைப்பேர் விழுந்த மாதத்தில் அந்தக் கழிவின் வலி தெரியும்.

காலத்தைத் தெரிந்து செய்தால் பாதிச் செலவு மிச்சம். நாம் தீபாவளிக்கு முதல்வாரம் வெள்ளையடிக்கிறோம். ஊவாவில் அதுதான் மழை பிடிக்கும் நேரம். ஈரச் சுவரில் அடித்தது பொங்கலுக்குள் உரிந்துவிடும். ஜூலை, ஓகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நமது மலைகளில் வறண்ட காற்று வீசுகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுக்கும் வாசம் அந்தக் காற்றில்தான் வருகிறது. அதே காற்று நமது சுவரையும் இலவசமாகக் காய வைக்கும்.

முதல் வேலை புகையை எடுப்பது. துடைப்பத்தால் கரியைத் தட்டி, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிக் காய விட வேண்டும். கரிக்கு மேல் எதை அடித்தாலும் மஞ்சளாக வெளியே வரும்.

இரண்டாவது, பெயின்டுக்கு ஓட வேண்டாம். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய லயச் சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும். எண்ணெய்ப் பெயின்ட் அடித்தால் அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளமாகி உரியும். சுண்ணாம்பு அப்படியல்ல, ஈரத்தை வெளியே விடும். விலையும் குறைவு. சுண்ணாம்பை இரவே தண்ணீரில் ஊற வைத்து, மறுநாள் பழைய துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, ஒரு கைப்பிடி உப்புப் போடுங்கள். சுவரில் தண்ணீர் தெளித்துவிட்டு மெல்லியதாக அடியுங்கள். அடிக்கும்போது வெள்ளை தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். ஒரு நாள் விட்டு இன்னொரு பூச்சு. இரண்டு மூன்று மெல்லிய பூச்சு நிற்கும், ஒரே தடித்த பூச்சு உதிரும். துணிக்குப் போடும் நீலம் கொஞ்சம் கலந்தால் பளிச்சென்று இருக்கும், மஞ்சள் காவி கலந்தால் இருட்டுக் காம்பராவுக்கு வெயில் வந்தது போல் இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள், பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே வைத்தியரிடம் போங்கள். மற்றது, தேயிலை மலைக்குப் போடும் டொலமைட் தூள் சும்மா கிடைக்கிறதே என்று சுவருக்கு அடிக்காதீர்கள். அது சுடாத கல்தூள், சுவரில் ஒட்டாது.

மூன்றாவது, ஆணி. மண் சுவரில் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் ஆணி அடித்தால் பூச்சு பெயர்ந்து வரும். சுவரின் நீளத்துக்கு ஒரே ஒரு மெல்லிய மரச் சலாகையை உயரத்தில் உறுதியாகப் பொருத்திவிட்டு, எல்லாப் படங்களையும் அதிலிருந்து கயிற்றில் தொங்க விடுங்கள். படத்துக்கும் சுவருக்கும் இடையில் காற்றுப் போகும், படம் பூஞ்சணம் பிடிக்காது. வெள்ளையடிக்கும்போது கழற்றுவதும் சுலபம்.

நான்காவது, நமது பெண்களின் கையில் இருக்கும் கோலம். இந்தியாவில் பீகார் மாநிலத்து மதுபனிப் பக்கத்தில் பெண்கள் மண் வீட்டுச் சுவர்களில் அரிசிமாவும் காவியும் கொண்டு தலைமுறை தலைமுறையாகப் படம் எழுதி வந்தார்கள். வெளியுலகத்துக்கு அது தெரியாது. 1934 ஜனவரியில் பெரிய நிலநடுக்கம் வந்து வீடுகள் இடிந்தபோது, சேதம் பார்க்கப் போன ஆர்ச்சர் என்ற ஆங்கில அதிகாரி அந்த உட்சுவர்ப் படங்களைக் கண்டு எழுதினார். 1960களின் கடைசியில் அங்கே கடும் வரட்சி வந்தபோது அதே பெண்கள் அந்தப் படங்களைத் தாளில் எழுதி விற்று வயிறு கழுவினார்கள். இன்று அவை உலகக் காட்சிசாலைகளில் இருக்கின்றன. மார்கழி மாதக் குளிரில் வாசலில் குந்தி நமது பெண்கள் போடும் கோலம் அதற்குக் குறைந்ததில்லை. வாசலில் போடுவது பகலுக்குள் மிதிபட்டுப் போகிறது. அதையே சுண்ணாம்பிலும் செங்காவியிலும் கதவைச் சுற்றியும் சுவரின் அடியிலும் எழுதினால் ஒரு வருடம் இருக்கும். செலவு ஒரு சிரட்டைக் காவி.

ஐந்தாவது, பிள்ளைகளின் படங்களும் சான்றிதழ்களும். பாடசாலையில் பிள்ளை வரைந்த படத்தை மடித்துப் பெட்டியில் போடாமல் சலாகையில் தொங்க விடுங்கள். மாதம் ஒரு முறை மாற்றுங்கள். தான் வரைந்தது வீட்டுச் சுவரில் இருக்கும்போது பிள்ளை கூட்டாளியை வாசலில் நிற்க வைக்காது, கையைப் பிடித்து உள்ளே கூட்டிவரும்.

ஆனால் அடுப்புக்கும் மின்சாரக் கம்பிக்கும் கிட்ட தாள், துணி, பிளாஸ்டிக் பூ எதுவும் வேண்டாம். லயத்தில் கூரை ஒன்று. ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ வரிசை முழுவதற்கும் சொந்தம்.

இந்த வேலையெல்லாம் பெண்கள் தலையில் விழக்கூடாது என்பதையும் சொல்லி வைக்கிறோம். விடிய நான்கு மணிக்கு எழுந்து சமைத்து, மலைக்குப் போய், பின்னேரம் விறகோடு வரும் பெண்ணிடம் ஞாயிற்றுக்கிழமை தூரிகையையும் கொடுத்துவிட்டு நாம் கேரம் ஆடப் போவது நியாயமில்லை. சாயும்வரை சீட்டு விளையாடும் தோழர்களின் கையும் சுண்ணாம்பு படட்டும்.

விரிசலுக்கு மேல் படம் மாட்டாதீர்கள்

இப்போது நாம் சொல்ல வந்த முக்கியமான விடயம். எத்தனையோ வீடுகளில் பெரிய படம் எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்தோம். பெரும்பாலும் சுவர் வெடித்த இடத்தில்தான். ஆட்கள் வந்தால் தெரியக்கூடாது என்று மறைக்கிறோம். வெட்கம் நமக்குப் பழகிப்போய்விட்டது. ஆனால் அந்த வெடிப்பு நாம் வெட்கப்பட வேண்டிய ஒன்றல்ல. அது மலை நமக்கு அனுப்பும் தகவலாக இருக்கலாம்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள். அன்று மனிதர்களோடு, அவர்கள் சுவர்களில் இருந்த படங்களும், படங்களுக்குப் பின்னால் செருகி வைத்த பிறப்புச் சான்றிதழ்களும், சேமலாப நிதிப் பத்திரங்களும் மண்ணுக்குள் போயின.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் முதல் அலங்காரம் இதுவாக இருக்கட்டும். வெடிப்புக்குக் குறுக்கே ஒரு விரல் அகலத் தாள் துண்டைப் பசையால் இறுக்கமாக ஒட்டுங்கள். அதில் அன்றைய திகதியை எழுதுங்கள். வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போடுங்கள். தாள் கிழிந்தாலோ, வெடிப்பு கோட்டைத் தாண்டினாலோ சுவர் அசைகிறது என்று அர்த்தம். அதோடு கதவு திடீரென்று இறுகுவது, தரை பிளப்பது, மரங்கள் சாய்வது, புதிதாக ஊற்றுக் கிளம்புவது, ஓடித் தண்ணீர் கலங்குவது இவற்றில் ஏதாவது தெரிந்தால் விடியும்வரை காத்திருக்காமல் பிள்ளைகளோடு வெளியேறுங்கள். தோட்டத் தலைவருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பத்திரங்களைப் படத்துக்குப் பின்னால் செருகாமல், பிளாஸ்டிக் உறையில் போட்டு, பழைய சேலையில் அழகாகத் தைத்த ஒரு பையில், கதவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். ஓடும்போது கைக்கு வர வேண்டும்.

நமது வேலையும் அவர்கள் கடமையும்

இப்போது நிர்வாகத்தின் கதைக்கு வருவோம். சுவரின் மேற்பூச்சு நமது வேலை. சுண்ணாம்பு, கோலம், படம் எல்லாம் நாம் பார்த்துக்கொள்வோம். கூரைத் தகரம், வெடித்த சுவர், லயத்துக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கும் கான், வரிசைக்குப் பொதுவான மின்கம்பி இவை நமது வேலையல்ல. லயம் இன்னும் தோட்டத்தின் சொத்து. தகரம் மாற்றவோ, ஒரு குசினியை இறக்கவோ நாம் துரையிடம் அனுமதி கேட்க வேண்டுமென்றால், பழுதுபார்க்கும் பொறுப்பும் தோட்டத்துக்குத்தான். அனுமதி கொடுக்கும் அதிகாரம் மட்டும் வேண்டும், பொறுப்பு வேண்டாம் என்று சொல்ல முடியாது.

வெள்ளையடிக்கும் முன்பு உங்கள் காம்பராவின் வெடிப்பையும் ஒழுக்கையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அடித்த பிறகு, இவர்களுக்குக் குறையில்லை என்று யாராவது சொன்னால் அந்தப் படம் பதில் சொல்லும்.

ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்த தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 550 சதுர அடி வீட்டுக்குள் போனதும் நான்கு பக்கமும் புதுச் சுவரைப் பார்த்துக் கை துறுதுறுக்கும். கடைக்காரர்களும் கடன் கொடுக்கத் தயாராக நிற்பார்கள். அவசரப்படாதீர்கள். புதுச் சீமெந்துப் பூச்சு நன்றாகக் காய வேண்டும். அதற்கிடையில், காணி உறுதி உங்கள் பெயரில் கைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். வீட்டில் குடியிருந்தும் உறுதி இல்லாதவர்கள் நம்மில் பலர். உறுதி வந்தால் அதன் போட்டோ பிரதி ஒன்றைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுங்கள். மூலப் பிரதி பத்திரமாகப் பைக்குள் இருக்கட்டும். 1948இல் குடியுரிமையை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நாடற்றவர் என்ற பெயரைச் சுமந்த ஒரு மக்களின் வீட்டில், அதைவிட அழகான படம் வேறெது?

அந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்ட சகோதரிக்கு நமது பதில் இதுதான். அக்கா, வருகிற வறண்ட மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் லயத்திலிருந்தே தொடங்குவோம். சுண்ணாம்பு கரைக்க இளைஞர்கள் வருவார்கள். சலாகையைத் தச்சு வேலை தெரிந்த தோழர் அடித்துத் தருவார். கோலத்தை உங்கள் மகளே எழுதட்டும்.

அதற்கு முன்பு எல்லாத் தோட்டக் கமிட்டிகளிடமும் ஒன்று கேட்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் லயத்தில் எந்தெந்தக் காம்பராவில் சுவர் வெடித்திருக்கிறது, எங்கே கூரை ஒழுகுகிறது, எங்கே கான் அடைத்திருக்கிறது என்று ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். காம்பரா இலக்கம், திகதி, போன் படம் மூன்றும் இருக்கட்டும். அவற்றை ஒன்றாகச் சேர்த்து நிர்வாகத்துக்கும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும், பிரதேச செயலாளருக்கும் சங்கத்தின் கடிதத்தோடு கொடுப்போம். சுண்ணாம்பு வாளியும் அந்தப் பட்டியலும் ஒரே நாளில் லயத்துக்குள் வரட்டும்.